தட்டிப் பார்த்தால் தெரியும்



மலர்க்குழுவினர் "உன் துறையைப் பற்றி எழுதுப்பா" என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது, பூதலூரில் பானை வாங்கும் என் அம்மாதான். பானையைத் தூக்கி விரல் முட்டியால் நாலு தட்டு. கணீரென்றால் வீட்டுக்கு வரும். 'பொத்'தென்றால், "உள்ள விரிசல் இருக்குடா" என்று திருப்பி வைத்துவிடுவார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் பிற்பாடு சம்பளம் வாங்கிச் செய்த வேலையும் ஏறக்குறைய அதுவே!

கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்குக்கு ஒரு திசையாக வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் காம்போசிட் தகடு. எடை குறைவு, வலு அதிகம். ஆனால் குறுக்கே விழும் அடிதான் இதற்கு எமன். 1970இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 எஞ்சினுக்குச் செய்த கார்பன் இழை விசிறி இலைகள், பறவை மோதும் சோதனையில் சிதறின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. பல செலவுகளும் சேர்ந்து 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்தது.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர், பக்கத்துத் திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம். எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கு இழைக் காம்போசிட் உறை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி விண்ணேறியதை ஹாஸ்டல் ரேடியோவில் கேட்டு நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் ஓடி வந்தது, என் செட்டுக்கு நினைவிருக்கும்.

பறவை மோதினால் சிதறுவது தெரியும். மெதுவாக விழும் அடிதான் ஏமாற்றும். அலுமினியம் என்றால் பள்ளம் விழுந்து காட்டிக் கொடுக்கும். காம்போசிட்டோ வளைந்து பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உள்ளே பிசின் விரியும். திசை மாறும் இடங்களில் அடுக்குகள் பிரியும். மேலே ஊசிமுனை அளவு, கீழே போகப் போக அகலம். பிரிந்த அடுக்குகள் தனித்தனிக் காகிதம் மாதிரி; அமுக்கினால் மடங்கும். அமுக்கத்தைத் தாங்கும் வலு பாதிக்கும் கீழே போய்விடலாம்.

என் முதல் வேலையில் ஒரு மாலை, கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தகட்டின்மேல் விழுந்தது. துடைத்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லை. பேசாமல் வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் ஃபோர்மேனிடம் போய், "அண்ணே, நேத்து ஸ்பேனர் விழுந்துடுச்சு" என்றேன். அவர் திட்டவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங்... ஓரிடத்தில் 'டொக்'. அல்ட்ராசோனிக் கருவியில் பார்த்தால் உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குப் பிரிந்திருந்தது. "சொன்னியே தம்பி, அதுவே பெரிசு" என்றார்.

உலகமும் இந்தப் பாடத்தைத்தான் கற்றது. 'கண்ணுக்குத் தெரியாத அடி இருக்கிறது என்றே வைத்துக்கொள். அப்படியும் தாங்கும்படி கட்டு' என்பது விமான விதியாயிற்று. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777இன் வாலுக்கு, எளிதில் விரியாத பிசின் வந்தது. 2001 ஜனவரி 4 அன்று பறந்த நம் தேஜஸின் உடற்கூட்டில் எடைக்கணக்கில் சுமார் 45 சதவீதம் காம்போசிட். 2018இல் அந்த விமானப் படைப்பிரிவு நம் கோவைச் சூலூருக்கே வந்தது.

தம்பி தங்கைகளே, கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் எங்கே தட்ட வேண்டும் என்று சொல்ல, ஸ்பேனரை நழுவவிட்டவன்தான் வாய் திறக்க வேண்டும். விழுந்தால் மறைக்காதீர்கள், சொல்லிவிடுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!