குளோனிங்: கர்னால் எருமை முதல் மனிதக் கரு வரை தொடரும் அறநெறிக் கேள்விகள்

பெங்களூரு: சத்தீஸ்கர் மாநிலம் உதந்தி சரணாலயத்தில் காட்டு நீர் எருமைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த நிலையில், அங்கிருந்த ஆஷா என்ற பெண் எருமையின் உடல் செல்களைக் கொண்டு ஒரு கன்று உருவாக்கப்பட்டது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2014 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த அக்கன்றுக்கு தீபாஷா எனப் பெயரிடப்பட்டது.

பின்னர் ராய்ப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்ட தீபாஷா, வீட்டு எருமையான முர்ரா இனத்தின் சாயலில் இருப்பதாக வன உயிரின ஆர்வலர்கள் ஐயம் எழுப்பி, மரபணுச் சோதனை கோரினர். ஐயம் சரியோ தவறோ, அதன் பின்னுள்ள கேள்வி பெரிது. அடைப்புக்குள் நிற்கும் ஒரு விலங்கை உருவாக்கினால், காட்டில் அழியும் இனம் காப்பாற்றப்பட்டதாகுமா?

குளோனிங் முறையில், உட்கரு நீக்கப்பட்ட முட்டையுடன் நகலெடுக்க வேண்டிய விலங்கின் உடல் செல் இணைக்கப்படுகிறது. உருவாகும் கரு, வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கப்படுகிறது. எருமைக் குளோனிங்குக்கான முட்டைகள் பெரும்பாலும் இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் சினைப்பைகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. முட்டையின் மைட்டோகாண்ட்ரியாவிலும் சிறிதளவு மரபணுப் பொருள் இருப்பதால், 'அச்சு அசல் நகல்' என்ற வழக்கமான வருணனை முழுவதும் பொருந்தாது.

இந்த ஆய்வில் இழப்பும் அதிகம். ஸ்காட்லாந்தில் 1996-இல் பிறந்த டாலி ஆடு, 277 முயற்சிகளில் வெற்றி பெற்ற ஒன்றே ஒன்று. கர்னாலில் 2009 பிப்ரவரி 6-ஆம் தேதி பிறந்த சம்ரூபா என்ற எருமைக் கன்று, நுரையீரல் தொற்றால் சில நாட்களிலேயே இறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பிறந்த கரிமா, சுமார் இரண்டு ஆண்டுகளே வாழ்ந்தது. 2010-இல் பிறந்த கரிமா-2 நன்கு வளர்ந்து, 2013-இல் இயல்பான முறையில் கன்றும் ஈன்றது. செய்திகளில் பெயர் பெறுபவை பிறந்த கன்றுகள் மட்டுமே. கலைந்த கருக்களுக்கும் அவற்றைச் சுமந்த தாய் விலங்குகளுக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை.

உயர்தரக் கடாக்களின் பற்றாக்குறையால் பால் உற்பத்தி பாதிக்கப்படுவதாகவும், அதற்குக் குளோனிங் உதவும் என்றும் ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். ஹிசாரில் உள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம், எம்-29 என்ற ஒரே முர்ரா கடாவிலிருந்து ஏழு நகல்களை உருவாக்கியது. 2023 மார்ச் 16-ஆம் தேதி கர்னாலில் கங்கா என்ற கிர் கன்று பிறந்தது. ஒரே கடாவின் மரபணுக்கள் விந்து உறைகள் வழியாக ஊர் ஊராகப் பரவினால் இனத்தின் மரபுப் பன்மை குறையும். ஒரு நோய் ஒட்டுமொத்த மந்தையையும் தாக்கக்கூடும் என்பது எதிர்த்தரப்பின் அச்சம். பண்ணை விலங்குகளின் குளோனிங்கைத் தடை செய்ய வேண்டும் என ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015-இல் வாக்களித்தது.

செல்லப்பிராணிக் குளோனிங் இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் இதற்கென வணிக நிறுவனம் இயங்குகிறது; ஒரு நாயை நகலெடுக்கக் கட்டணம் சுமார் 50,000 டாலர். பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் வளர்த்த நாயை இழந்த ஒருவர், இத்தொகையைச் செலுத்தினாலும் பழைய தோழனைத் திரும்பப் பெற முடியாது. 2001-இல் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, மூலப் பூனையின் உடல் நிறம்கூட வாய்க்கவில்லை.

மனிதக் குளோனிங்கில் இந்தியாவின் நிலைப்பாடு இருவகைப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், குழந்தை பெறுவதற்கான குளோனிங்கைத் தடை செய்கின்றன. ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கவும் அனுமதி இல்லை. எனினும் நெறிமுறை என்பது சட்டம் அன்று.

அனைத்து வகை மனிதக் குளோனிங்கையும் தடை செய்யக் கோரிய ஐ.நா. பிரகடனம் 2005 மார்ச் மாதம் 84-க்கு 34 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. சிகிச்சைக்கான ஆய்வின் கதவும் அடைபடும் என்பதே காரணம்.

அந்த ஆய்வுக்கும் பெண்களின் கருமுட்டைகள் தேவை. தென் கொரிய விஞ்ஞானி ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவை நகலெடுத்ததாகக் கூறியது பொய் என 2005-06-இல் அம்பலமானது. அவரது ஆய்வகத்தின் இளநிலை பெண் ஆய்வாளர்களிடமிருந்தே கருமுட்டைகள் பெறப்பட்டதும் அப்போது வெளிவந்தது.