உரிமம் பெற்ற கஞ்சாச் சாகுபடி

அரசிடம் உரிமம் பெற்றுக் கஞ்சாச் செடியைப் பயிரிட்டு, விளைச்சலை அரசின் கண்காணிப்பில் விற்கும் முறை. இந்தியத் துணைக்கண்டத்தில் இம்முறை 19ஆம் நூற்றாண்டில் முழு வடிவம் பெற்று, 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய மறைந்தது. கனடா முதலிய நாடுகளில் அண்மைக்காலத்தில் பசுமைக்குடில்களுக்குள் அது மீண்டும் தொடங்கியிருக்கிறது. இரு காலங்களிலும் இப்பயிரின் வரவுசெலவைத் தீர்மானித்ததில் மண்ணையும் மழையையும்விட வரியின் பங்கு பெரிது.

பழைய குறிப்புகள்

அதர்வ வேதத்தில் வரும் 'பங்கா' என்னும் சொல் இச்செடியைத்தான் குறிக்கிறதா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் இதன் பயன்பாடு நெடுங்காலமாக உண்டு. கேரளத் தாவரங்களைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூல் 'கஞ்சாவா' என முடியும் இரண்டு பெயர்களில் இரண்டு செடிகளைப் படத்துடன் தருகிறது. அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் எனக் கருதப்படுகிறது.

பெண்செடியின் பூங்கொத்து கஞ்சா, இலை பாங்கு, பிசின் சரஸ். இந்த மூன்று பிரிவும் வரிக்கணக்குக்கும் பிற்காலச் சட்டத்துக்கும் அடிப்படை.

நௌகாவின் கஞ்சா மகால்

கிழக்கிந்தியக் கம்பெனி 1793ஆம் ஆண்டின் 34ஆம் ஒழுங்குவிதி வழியாக, போதைப்பொருள்களை உரிமமின்றிச் செய்வதையும் விற்பதையும் வங்காளத்தில் தடுத்தது. கடைகளிடமிருந்து நாள்வரி வசூலிப்பதே தொடக்கத்தில் வழக்கம். 1853இல் அதைக் கைவிட்டு, சேர் ஒன்றுக்கு இவ்வளவு என எடைக்கு வரி விதித்தனர். எடைக்கு வரி வைத்தால் எடை எங்கே உண்டாகிறது என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே சாகுபடி சிறுகச் சிறுக ஓரிடத்தில் குவிந்தது. ராஜசாகி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்கள் கூடும் நௌகாவ் வட்டாரம்தான் அந்த இடம். 'கஞ்சா மகால்' என்று அதற்குப் பெயர். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது.

அங்கே நடந்த வேளாண்மையைப் பற்றி ஹேம் சந்தர் கெர் 1877இலும், தாவரவியலாளர் டேவிட் பிரெயின் 1893இலும் அறிக்கை எழுதினர். இப்பயிரின் வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாகப் பதிவான பகுதி வேறில்லை. ஆகஸ்டில் நாற்றங்கால். செப்டம்பரில் மேட்டுப்பாத்தியில் நடவு. நவம்பர் வாக்கில் 'பொத்தார்' வயலுக்கு வருவார். ஆண்செடி எது, பெண்செடி எது என்று பூ விரியும் முன்பே பார்த்துச் சொல்பவர் அவர். வரிசை வரிசையாக நடந்து ஆண்செடிகளை முறித்துக்கொண்டே போவார். பின்னால் வரும் உழவர்கள் அவற்றை வேரோடு பிடுங்கி எறிவார்கள். ஓர் ஆண்செடி தப்பினாலும் மகரந்தம் பரவிப் பூங்கொத்துகளில் விதை பிடிக்கும். பிசின் குறைந்து விலை விழும். வீட்டையே அடகு வைத்துப் பயிரிட்ட குடும்பமானாலும் அதன் ஆண்டு வருமானம் இந்த ஒருவர் கண்ணில்தான் இருந்தது. எழுத்தில் கற்பிக்க முடியாத இத்திறமைக்கு அரசு அறிக்கைகள் இடம் ஒதுக்கியிருப்பது பொருத்தமே.

ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை. அறுத்த கொத்துகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் 'சப்டா'. உருட்டித் திரட்டினால் 'கோல்'. உதிர்ந்த தூள் 'சூர்'. சப்டாவில் காம்பின் எடை அதிகம், சூரில் காம்பே இல்லை. எனவே மூன்றுக்கும் மூன்று விதமான வரி.

சரக்கை உழவர் நேரே சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. 'கோலா' என்னும் கிடங்கில் சேர்த்து, உரிமம் பெற்ற மொத்த வணிகரிடம் விற்க வேண்டும். வணிகர் வரியைக் கட்டிவிட்டுச் சரக்கை எடுப்பார். சட்டப்படி வரி கட்டியவர் வணிகர்தான். ஆனால் வரி உயரும்போதெல்லாம் அந்தச் சுமையில் ஒரு பகுதி கொள்முதல் விலைக்குறைவாக வயலுக்கே திரும்பி வந்திருக்கும் என்பது இத்தகைய சந்தையில் எதிர்பார்க்கக்கூடியதே. விற்க வேறு இடமில்லாதவர் பேரம் பேச முடியாது.

1893–94 ஆணையம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளர் டபிள்யூ. எஸ். கெயின் 1893 மார்ச்சில் எழுப்பிய கேள்வியின் விளைவாக இந்தியக் கஞ்சா ஆணையம் அமைந்தது. தலைவர் மேக்வொர்த் யங். எழுவர் கொண்ட அவ்வாணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை தேவையுமில்லை உசிதமுமில்லை, உரிமம், வரி ஆகியவற்றால் கட்டுப்படுத்துவதே வழி என்பது அதன் முடிவு. வருவாயைக் காக்கும் நோக்கமே இம்முடிவைத் தந்தது என்போரும், அக்காலத்தில் இதைவிட நேர்மையான ஆய்வு நடக்கவில்லை என்போரும் இன்றும் உள்ளனர்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்து பாபட்லா வட்டாரமும், மலையாளிப் பழங்குடியினர் வாழும் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் பயிர் விளைந்த இடங்கள். மத்திய மாகாணத்தில் கண்டுவா.

கூட்டுறவுச் சங்கம்

1917இல் நௌகாவ் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தரகரையும் மொத்த வணிகரையும் விலக்கி, உழவரே கொள்முதலும் விற்பனையும் செய்தனர். அதுவரை இடையில் கரைந்த தொகை சங்கத்தில் தங்கியது. அதிலிருந்து பள்ளிகள், மருத்துவமனை, சாலைகள், பள்ளிவாசல்கள், கோயில்கள் வந்தன. நௌகாவ் நகரின் பல பொதுக்கட்டடங்கள் இன்றும் இச்சங்கத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. சரக்கு இலண்டன் வரை சென்றதாக உள்ளூர்க் குறிப்புகள் சில கூறுகின்றன. தடை வரும்வரை இப்பயிரின் லாபம் விளைவித்தவர் ஊரிலேயே கண்ணுக்குத் தெரிந்த இடம் இதுவொன்றே என்று சொல்லலாம்.

1947 பிரிவினையில் நௌகாவ் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. பழைய சந்தையின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. 1987 வாக்கில் வங்கதேச அரசு சாகுபடியை நிறுத்தியது.

தடைக்காலம்

1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்றது. உடன்படிக்கையின் வரையறையில் இலை சேரவில்லை. பாங்கு தப்பியது இதனால்தான். இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வணிக அளவு. அதற்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். அதே சட்டத்தின் 10ஆம், 14ஆம் பிரிவுகள் மாநிலங்களுக்கும் மைய அரசுக்கும் சாகுபடியை அனுமதிக்கும் வாய்ப்பை விட்டுவைத்துள்ளன.

புதிய முயற்சிகள்

உத்தராகண்ட் 2018இல் நார், விதைகளுக்காகப் போதை குறைந்த வகையைப் பயிரிட முதல் உரிமம் அளித்தது. போதைப்பொருளின் அளவு 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஜம்முவிலுள்ள மைய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் மருந்துக்காக ஆராய்ச்சிச் சாகுபடி செய்கிறது. இமாச்சலப் பிரதேசம் 2025இல் சோதனைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

கனடாவைப் போலன்றி, தமிழ்நாட்டின் பசுமைக்குடில்களில் விளைபவை ஓசூர் ரோஜா, குடைமிளகாய், வெள்ளரி, நீலகிரிக் கார்னேஷன் போன்றவையே. குடில் அமைக்கும் செலவில் பாதியைத் தோட்டக்கலை இயக்கம் மானியமாகத் தந்தும், சிறு உழவருக்கு அது எட்டாத முதலீடாகவே இருக்கிறது.

குடிலில் காய்கறியும் கஞ்சாவும் சேர்ந்தால் கணக்கு எப்படிப் போகும் என்பதற்குக் கனடாவின் வில்லேஜ் ஃபார்ம்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. தக்காளிக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம் 2017இல் வேறொரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டெல்ட்டாவில் 11 இலட்சம் சதுர அடிக் குடிலைத் தக்காளியிலிருந்து கஞ்சாவுக்கு மாற்றியது. 2018 அக்டோபர் 17 அன்று கனடா மருத்துவம் சாராத கஞ்சா விற்பனையையும் சட்டபூர்வமாக்கியது. 2020இல் கூட்டு நிறுவனம் முழுவதும் வில்லேஜ் ஃபார்ம்ஸின் கைக்கு வந்தது. ஆனால் எல்லோரும் பயிரிட்டதால் விலை சரிந்தது. வரி மட்டும் கிராமுக்கு 1 கனடிய டாலர் அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது. விலை இறங்கினாலும் கிராமுக்கான டாலர் இறங்குவதில்லை. சேருக்கு வரி வைத்த வங்காளத்தின் பழைய முறைக்கு இது வெகு அருகில் நிற்கிறது. 2022இல் நிறுவனத்தின் நட்டம் 10 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அடுத்த 2 ஆண்டும் நட்டமே. 2025 மேயில் காய்கறித் தொழிலின் பெரும்பகுதியை வேன்கார்ட் ஃபுட் என்னும் புதிய அமைப்புக்கு மாற்றி, 4 கோடி டாலர் ரொக்கமும் 37.9 விழுக்காடு பங்கும் பெற்றது. நெதர்லாந்திலும் கஞ்சா விற்பனையைத் தொடங்கியது. அதன் பின் வந்த காலாண்டுகளில் லாபம் தெரிந்தது.

மணமேல்குடிக் கரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடிப் பகுதியில் நெல், தென்னை, மீன்பிடி ஆகியவையே தொழில். கஞ்சாவை இப்பகுதி அறிந்திருப்பது உரிமம் பெற்ற பயிராக அல்ல, கடல்வழிக் கடத்தல் சரக்காகத்தான். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்குப் போகும் வழிகளில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் உள்ளிட்ட இந்தக் கரையும் ஒன்று. மலையில் விளைவிக்கும் பழங்குடியினருக்கும், படகில் சுமக்கும் கூலியாட்களுக்கும் கிடைப்பது சிறு தொகை, சிறைக்குப் போவதும் பெரும்பாலும் அவர்களே.

நீரிணைக்கு அக்கரையில், இலங்கை அரசு மீரிகம முதலீட்டு வலயத்தில் ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா பயிரிட 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர் சிலருக்கு அனுமதி வழங்கியது. உள்நாட்டில் விற்பதற்கு அதில் இடமில்லை.