‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ சொன்னா மார்க் கூடுமா? ஆங்கில இடியம்களை எப்படிக் கத்துக்கணும்?

வெளிநாடு போகத் தயாராகுறவங்க கையில கட்டாயம் ஒரு பிடிஎஃப் இருக்கும். ‘100 இடியம்ஸ்’, ‘200 இடியம்ஸ்’னு தலைப்பு போட்டு வாட்ஸ்அப்ல சுத்துற பட்டியல். அதை மனப்பாடம் பண்ணி, ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் தேர்வில் அங்கங்கே தூவினால் மதிப்பெண் எகிறும் என்பது பலரின் நம்பிக்கை. இது உண்மையா?

தேர்வில் என்ன பார்க்கிறார்கள்?

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம் நடக்கும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளத்தில் 7-வது பேண்டுக்கான விளக்கத்தில் ‘இடியமாட்டிக்’ என்ற சொல் வருவது நிஜம்தான். ஆனால் அது சொல்வது, அதிகம் புழங்காத சொற்களையும் மரபுத்தொடர்களையும் ஓரளவு பயன்படுத்துவது, எந்த இடத்தில் எந்த நடை, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதை அறிந்திருப்பது. சில தேர்வுகள் பிசகினாலும் 7 கிடைக்கும். எத்தனை இடியம் சொன்னீங்கனு யாரும் எண்ணுவதில்லை.

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பழைய பாடப்புத்தக வாசம் அடிக்கும் தொடர். மழை கொட்டினால் பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் ‘இட்ஸ் போரிங் டவுன்’ என்றுதான் சொல்வார்கள். எழுத்துத் தேர்வில் இன்னும் கவனம் தேவை. கட்டுரையில் பேச்சுவழக்கு இடியம்களை நுழைத்தால், நடை தெரியாதவர் என்ற எண்ணம்தான் வரும்.

நர்ஸ்களுக்கு ஏன் இது முக்கியம்?

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ்-ல் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். அல்லது ஓஇடி தேர்வில் முதல் மூன்றுக்கும் பி, ரைட்டிங்குக்கு சி பிளஸ் கிரேடு. ஆனால் உண்மையான பரீட்சை வார்டில்தான்.

ஒரு முதியவர் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்கிறார். ஊசி எங்கேனு தேடக் கூடாது! கை கால் மரத்துப்போய், எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்றார். அது நோய் அறிகுறியாகவும் இருக்கலாம். ‘ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்’ என்றால் வேடிக்கை எதுவும் நடக்கவில்லை. திடீர்னு தலை சுத்தி மயக்கம் வந்த மாதிரி இருந்ததாம். ‘வாட்டர்வொர்க்ஸ்’ல பிரச்சினை என்றால் சிறுநீர்க் கோளாறு. ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் கழிவறைக்குப் போகணும். அங்கே பொதுக் கழிவறைக் கதவு ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்து வழக்கு. ‘அண்டர் த வெதர்’, ‘ஆஃப் கலர்’ இரண்டுக்கும் உடம்பு சரியில்லை என்றே பொருள்.

நம்மூர் ஆங்கிலமும் அங்கே காலை வாரும். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2018’ என்றால் நமக்குப் படிப்பு முடித்த ஆண்டு. அவர்களுக்கோ 2018-ல் மயங்கி விழுந்த கதை. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றாலும் முழிப்பார்கள்.

பொருள் தெரிஞ்சா போதுமா?

போதாது. தமிழில் ‘காலமானார்’, ‘மண்டையைப் போட்டார்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். துக்க வீட்டில் இரண்டாவதைச் சொல்வோமா? ‘கிக் த பக்கெட்’ அந்த ரகம். உறவை இழந்தவரிடம் ‘பாஸ்டு அவே’தான் சரி. பட்டியல்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் இருக்காது, அதுதான் அவற்றின் பெரிய கோளாறு.

நாடு மாறினாலும் பொருள் மாறும். ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் மோதிக்கொண்டதை சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அப்போ எப்படிக் கத்துக்கிறது?

முதலில் ஃப்ரேசல் வெர்ப். ‘புட் ஆஃப்’, ‘லுக் இன்டு’, ‘ரன் அவுட் ஆஃப்’ போன்றவை அன்றாடப் பேச்சில் இடியம்களைவிட அதிகம் வரும். இடியம் என்றால் வாரத்துக்கு நாலைந்து போதும். நேர்காணலிலோ சீரியலிலோ கேட்டால், யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதோடு முழு வாக்கியமாக எழுதி வைங்க. பிறகு கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிகளில் தேடுங்க, இணையத்தில் இலவசம். ‘இன்ஃபார்மல்’, ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ என்ற குறிப்பு இருக்கானு பாருங்க. சொற்களை மாற்றாதீங்க. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ல நிலாவுக்கு வேறு நிறம் கிடையாது.

புரியலைன்னா தலையாட்டாம கேட்டுடுங்க. ஓஇடி ரோல் பிளேயில், நோயாளி தெளிவில்லாமல் சொன்னதை விளக்கச் சொல்லிக் கேட்பதும் மதிப்பீட்டில் சாதகமாகவே பார்க்கப்படுகிறது.