குறுக்கிடும் குரல்களின் கணக்கு

இயற்கைத் துறைமுகத்தால் புகழ்பெற்ற திருகோணமலை மாவட்டத்தில் 1984இல் ஜெர்மானிய வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. அத்தகைய நிலையத்தின் சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தூரதேசத்தை அடைகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு தடையும் அதன் வலுவில் ஒரு பங்கைக் குறைக்கிறது. அப்பங்குகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. பெருக்கலின் மடக்கை கூட்டலாகும். ஆதலின் நாள்தோறும் மாறும் வலுவின் மடக்கை ஏறக்குறைய மணிவடிவப் பரம்பலைத் தழுவும். இவ்வகைப் பரம்பலை 1879இலேயே கால்ட்டனும் மக்கலிஸ்டரும் ஆராய்ந்தனர்.

ஆயின் கேட்போரின் பெட்டியில் ஒரு நிலையம் மட்டுமா விழுகிறது? அதே அலைவரிசையில் குறுக்கிடும் பிற நிலையங்களின் வலுக்கள் ஒன்றுகூடி, கேட்க விரும்பிய குரலையே அமிழ்த்திவிடக்கூடும். கூட்டலென்பது எளிய காரியந்தான். எனினும் இக்கூட்டுத்தொகையின் பரம்பலுக்குத் திட்டமான சூத்திரம் இன்றுவரை கிட்டவில்லை.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வில்கின்சன் 1934இல் ஓர் உபாயம் கண்டார். கூட்டுத்தொகையையும் அதே வகைப் பரம்பலெனக் கொண்டு, அதன் சராசரியையும் மாறற்றிறனையும் மாத்திரம் பொருத்தினார். விந்தை யாதெனில், அவர் அதனை அச்சேற்றவில்லை! 1960இல் பென்ரன் என்பார் அம்முறையை வெளியிட்டார். இருவர் பெயராலும் அது வழங்குகிறது. பெருங்குறுக்கீடு எத்துணை அரிது என்பதை நன்கு மதிப்பிடும் இம்முறை, குறுக்கீடு மிகத் தணிந்த வேளைகளைக் கணிப்பதில் தவறுகிறது. 1982இல் சுவாட்சும் யேயும் கூட்டுத்தொகையின் மடக்கைக்கே சராசரியையும் மாறற்றிறனையும் பொருத்தினர். கணக்கு நீண்டது. பொறியியலாளர் அஞ்சுவது பெருங்குறுக்கீட்டையே என்பதால், வில்கின்சனின் எளிய வழி இன்னும் வழக்கொழியவில்லை.