வாதாபிக்குப் பின்: 'சிவகாமியின் சபத'த்தில் நட்பும் குற்றவுணர்வும்

மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்த பொழுதில் இந்தக் கதையின் மாந்தர் தம் மனக்கண்முன் எழுந்ததாகக் கல்கி முன்னுரையில் எழுதுகிறார். 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'சிவகாமியின் சபதம்', பல்லவரின் வெற்றிக் காவியமாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வருகிறது. ஆனால் நாவலின் நான்காம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் 'சிதைந்த கனவு'. சளுக்கரின் தலைநகரான வாதாபி வீழ்வது அந்தப் பாகத்தில்தான். வெற்றியைச் சிதைவாகக் காட்டுவதற்கு, மூலக்கதையில் ஓரிடத்தில் இருந்த குற்றவுணர்வை அவர் வேறோர் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்.

வரலாற்றுச் சான்றுகளில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்களில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்க மன்னன் புலிகேசியை வென்றதையும் வாதாபியை அழித்ததையும் கூரம் செப்பேடு பெருமிதத்தோடு சொல்கிறது. வாதாபிப் பாறையிலேயே பல்லவனின் கல்வெட்டும் உண்டு. வெற்றியின் ஆண்டு 642 என்பது ஆய்வாளர் கணிப்பு.

குற்றவுணர்வு முதலில் தலைகாட்டுவது பெரியபுராணத்தில். குன்றத்தூர்ச் சேக்கிழார் சொல்லும் சிறுத்தொண்டர் வரலாற்றில், வாதாபியை வென்று திரும்பிய தளபதியும் பின்னாளில் சிறுத்தொண்டர் எனப்பட்டவனுமான பரஞ்சோதி சிவனடியார் என்பதை அமைச்சர் வழியே அறிந்த மன்னன் பதறுகிறான். அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று வருந்தி, பொறுத்தருள வேண்டி, நிதியும் தந்து அனுப்பிவைக்கிறான். அங்கே உறுத்தல் மன்னனுடையது. வாதாபி மக்களுக்காக எவரும் கலங்கவில்லை.

கல்கி இதைத் தலைகீழாக்குகிறார்.

நாவலில் மாமல்லன் எனப்படும் நரசிம்மவர்மனும் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியும் இளம்பிராயம் முதலே பழகியவர்கள். சோழநாட்டிலிருந்து கல்வி தேடிக் காஞ்சிக்கு வந்த பரஞ்சோதி இளவரசனின் உயிர்த்தோழனாகிறான். சிவகாமி சளுக்கரிடம் சிறைப்பட்டதும் அவளை மீட்கும் கடன் மாமல்லன்மீது விழுகிறது. நண்பர் இருவரும் மாறுவேடத்தில் வாதாபிக்கே சென்று அழைத்தும் அவள் வர மறுக்கிறாள். நகரம் எரிந்தால்தான் வெளியேறுவேன் என்பது அவள் சபதம். ஆண்டுகள் கழித்து மாமல்லன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்து தந்தையுமாகிவிட்டான். சபதம் நிறைவேறியும் சிவகாமிக்குக் கிடைத்த புகல் ஏகாம்பரேசுவரர் சந்நிதிதான்.

இவ்விடத்தில் காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) நாவலோடு ஓர் ஒப்பீடு பயன்படும். பால்யத் தோழனுக்கு இழைத்த துரோகத்தைக் கதைநாயகன் அமீர் காபூலுக்குத் திரும்பிப்போய், அந்தத் தோழனின் மகனை மீட்பதன் வழியே ஓரளவேனும் ஈடுசெய்கிறான். அங்கே திரும்பிப் போவது கழுவாய். மாமல்லனின் வாதாபிப் பயணமோ பழைய கடனை அடைக்கப்போய்ப் புதிய பழியைச் சம்பாதிக்கிறது. அந்தப் பழியை உணர்பவன் மாமல்லன் அல்ல, பரஞ்சோதி. சிவகாமிக்கு அவன் எந்தத் தீங்கும் செய்ததில்லை. ஆனாலும் எரியும் நகரத்தையும் அதன் மக்களையும் கண்டு வாளைத் துறப்பவன் அவன்தான். நண்பனுக்காகச் செய்த செயலின் பாவத்தை அவன் தன்னுடையதாக ஏற்கிறான். சேக்கிழாரின் மன்னனிடம் இருந்த உறுத்தல் இவ்வாறு தளபதியிடம் வந்துசேர்கிறது. அதன் காரணமும் அடியாருக்கு நேர்ந்த அபசாரம் என்பதிலிருந்து மனித அழிவு என்பதாக மாறிவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் தொடர் வெளிவந்த காலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கல்கி காந்திய இயக்கத்தில் சிறை சென்றவர். இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில் தொடங்கிய கதை, ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய ஆண்டில் முடிந்தது.

பரஞ்சோதியின் துறவு புராணக் கதையை ஒட்டிச் செல்லக் கல்கிக்கு வாய்த்த எளிய முடிவு மட்டுமே என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் சிறுத்தொண்டர் கதையின் உச்சமான, அடியாருக்கு அமுதாகத் தன் மகன் சீராளனையே கறி சமைக்கும் பலி நாவலில் இடம்பெற்றிருக்க வேண்டும். கல்கி அதற்கு முன்பே கதையை நிறுத்திக்கொள்கிறார். புராணத்தில் வாதாபி சில வரிகளில் கடந்துபோகும் முன்கதை. பிள்ளைக்கறியே அடியாரின் சோதனை. நாவலில் வாதாபியே அந்தச் சோதனையாகிவிட்டதால் இரண்டாவது சோதனைக்குத் தேவை எழவில்லை.