கோட்டை வாத்தியமும் மணலி வித்துவானும்

பழகிய மெட்டில் பழகாத சொற்கள் ஒலிக்கும்போது செவிக்குத் தனியோர் இன்பம் பிறக்கிறது. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கேயுள்ள மணலியில் இவ்வின்பத்திற்கு இருநூறாண்டு வரலாறு உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், இராமசாமி தீட்சிதரின் குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். மகன் முத்துசாமி தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழித் துதிகள் புனைந்தார். ‘நோட்டுஸ்வர சாகித்தியம்’ எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. சங்கராபரணச் சாயலில், கமகமின்றி நேராக நடப்பவை. வெள்ளையர் தம் மன்னரை வாழ்த்திப் பாடிய மெட்டு, ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் அம்மன் துதியாயிற்று. (மன்னர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) நடனக்கூடத்து மெட்டொன்று கணபதியைப் போற்றிற்று. ஆசாரம் மிக்க அந்தணராயினும், அந்நிய இசையென்று அவர் செவியை மூடிக்கொள்ளவில்லை.

அந்தந்த மக்களின் இசைக்குத் திருவழிபாட்டில் உரிய இடம் தரும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பணித்தது. இருந்தும், பாடற்குழு புதிய மெட்டொன்றைத் தொட்டதும், “இது கோயிலுக்கு அடுக்குமா?” என்ற முணுமுணுப்பு பின்வரிசையில் எழத்தான் செய்கிறது. கப்பலேறி வந்த மெட்டுகள் பலவற்றை நம் பாட்டென்றே பாடிவருகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஏ. எம். சின்னசாமி முதலியார் கிறிஸ்தவர். சென்னை அரசு அலுவலர். கருநாடக இசையை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி 1893-இல் அச்சிடத் தொடங்கினார். தீட்சிதர் மரபின் கருவூலமான ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்ததற்கும், சுப்பராம தீட்சிதரை அவர் விடாது தூண்டியதே காரணம்.