கணினிகளின் சகாப்தங்கள்

சாசனங்களில் வரும் சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு ஏறத்தாழப் பெறப்படும். கணினிகளிடையேயும் இத்தகைய சகாப்த வேற்றுமை உண்டு, நேயர்களே! யூனிக்ஸ் முறைமை 1970 ஜனவரி 1 முதல் செக்கன்களை எண்ணுகின்றது. விண்டோஸ் முறைமையோ, கிரெகோரியப் பஞ்சாங்கத்தின் நானூற்றாண்டு வட்டமொன்று தொடங்கிய 1601இலிருந்து, செக்கனைக் கோடி கூறிட்டு எண்ணுகின்றது. ஆதலின், யூனிக்ஸிற்கென எழுந்த திறந்த மூல நிரலை விண்டோஸில் இயக்க விழைந்தோர், விண்டோஸ் காட்டும் எண்ணைச் செக்கன்களாக்கி, அதிலிருந்து 1,164 கோடியே 44 இலட்சத்து 73 ஆயிரத்து 600ஐக் கழித்தனர். கழிக்க மறப்பின், இன்று எழுதிய கோப்பு இன்னும் 369 ஆண்டு கழித்தே பிறக்கும்!

ஆப்பிளின் மாக் முறைமையில் வேறோர் இடர். பாசிக்ஸ் நியமம் 1993இல் வகுத்த நுண்ணிய கடிகாரச் சார்பு அங்கே 2016 வரை இடம்பெறவில்லை. அதுவரை நிரலாளர், அம்முறைமையின் உள்ளகக் கடிகாரத்தை வினவும் மாற்றுச் சார்பினைத் தாமே எழுதி இணைத்தனர். பெரும் நிரல்களினும் அச்சில வரிகளையே யான் வியக்கின்றேன். பழைய மாக் கணினிகளில் அவை இன்றும் தொழிற்படுகின்றன.